கனமான அடாப்டர்

ஷென்ஜென் மின்சாதனச் சந்தையில் கடை வைத்திருந்த சூயினின் மேசைமேல் குவாங், போன வாரம் அவளிடம் வாங்கிய அடாப்டரை விட்டெறிந்தான். கருகி உடைந்த கூட்டுக்குள்ளிருந்து ஓர் இரும்புத் துண்டு வந்து விழுந்தது.

"ஒரே வாரத்துல புகைஞ்சு போச்சு. இது என்னம்மா, பழைய இரும்புக் கடையா?"

சூயினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அன்னைக்கு ரெண்டு காட்டினேன். இலேசா இருக்குறதுதான் நல்லதுன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன். கனமா இருந்தாத்தான் அசல்னு சொன்னது யாரு? உன்ன மாதிரி ஆளுங்களுக்காகவேதான் போலி பண்றவனுங்க உள்ள இரும்ப வச்சு அனுப்புறானுங்க!"

குவாங்கின் முகம் தொங்கிப்போயிற்று. "சரி, அந்த நல்லதையே குடும்மா."

எடுத்துக் கொடுத்தாள். வாங்கியவனின் உள்ளங்கை தானாகவே மேலும் கீழும் ஆடி எடை பார்த்தது.

சூயின் அதை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

"போய்யா, மீன் கடைக்குப் போ!"