நோலாவுக்கு வந்த பார்சல்

கில்பெரா என்கிற சின்ன ஊரில் தபால் நிலையம் நடத்துகிறவள் நான். பெயர் கிளெண்டா. தெருவுக்கு அந்தப் பக்கம், என் வாசலுக்கு நேர் எதிரே, நோலாவின் துணிக்கடை இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே வருடம் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவர்கள். இரண்டு பேருடைய கணவர்களும் போய்விட்டார்கள். அவளுடையவர் மாரடைப்பில் போனார். என்னுடையவர் ஒரு பல் டாக்டரம்மாவோடு கடற்கரைப் பக்கம் போனார்.

காலை பத்தரை மணிக்கு எங்களுக்குத் தேநீர். ஒரு நாள் என் கவுண்டரில், மறுநாள் அவள் கடையில். முப்பது வருடத்தில் வெள்ளம் வந்து தெரு மூழ்கிய நாட்களில் மட்டும்தான் அது தவறியது.

நோலாவின் கடையில் ஆட்டு ரோமம் கத்தரிக்கிறவர்களின் கையில்லாத பனியன் முதல் குதிரைப் பந்தய நாளுக்கான தொப்பி, செருப்பு வரை எல்லாம் கிடைக்கும். ஆனாலும் அவள் பெயர் வாங்கியது பிரா விற்பதில்தான். இருநூறு கிலோமீட்டருக்குள் இருக்கிற பண்ணைப் பெண்கள் அத்தனை பேரும் அவள் கடையின் பச்சைத் திரைக்குப் பின்னால் ஒரு முறையாவது கையைத் தூக்கி நின்றிருப்பார்கள். அவள் இன்ச் டேப்பைச் சுற்றுவாள், மழையைப் பற்றிப் பேசுவாள், பேசிக்கொண்டே அளவைச் சொல்லிவிடுவாள். சொன்னால் தப்பாது. ஒரே குறை, அந்த அளவைத் தெருவுக்கே கேட்கிற குரலில் சொல்வாள்.

பண்ணைகளுக்கெல்லாம் சாட்டிலைட் வழியாக இணையம் வந்த பிறகு பார்சல்கள் வர ஆரம்பித்தன. தபால் லாரி ஓட்டுகிற டெஸ் செவ்வாயும் வியாழனும் வருவான். முன்பெல்லாம் இரண்டு பை கடிதமும் ஒரு டிராக்டர் உதிரிப்பாகமும் இறக்குவான். இப்போது அவன் இறக்கி முடிப்பதற்குள் என் தேநீர் ஆறிப்போகும்.

"இந்த ஊர்ல இருக்கறதே நானூறு பேரு. எல்லாருக்கும் ஆளுக்கு எட்டு காலா?" என்பான் டெஸ், செருப்புப் பெட்டிகளை அடுக்கியபடி.

நோலா எதிர்க்கடை ஜன்னலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பாள். பத்தரைக்கு வந்து உட்கார்ந்ததும் கண் பின்னறைப் பக்கம் போகும்.

"அந்தப் பெரிய பை யாருக்குடி?"

"சொல்லக் கூடாதுன்னு உனக்கே தெரியும்."

"துணிதானே? அமுக்கினாத் தெரிஞ்சுடும். ஒரே ஒரு தடவை அமுக்கிப் பாக்கறேன்."

"கையை எடு நோலா."

அவள் சிரிப்பாள். அந்த முதல் வருடம் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு குறைந்தது. பெண்கள் என் முன்வாசலை விட்டுவிட்டுப் பின்வாசல் வழியாக வந்து பார்சலை வாங்கிப் போக ஆரம்பித்தார்கள். குதிரைப் பண்ணை ராண்டா, வாங்கிய பையை நாய்த் தீவன மூட்டைக்கு அடியில் ஒளித்து வைத்துவிட்டு, நோலாவுக்குக் கை காட்டிக்கொண்டே வண்டியை ஓட்டிப் போனாள். நோலாவும் கை காட்டினாள். "அவ நாய் குடுத்து வச்சது, பட்டுல படுத்துத் தூங்கும் போல" என்றாள் என்னிடம்.

பிறகு பள்ளிக்கூடம். பெற்றோர் சங்கத்தில் கூடிப் பேசி, அதுவரை நோலா கடையில் வாங்கிய சீருடையை இனிமேல் ஆளாளுக்கு வீட்டிலிருந்தே கணினியில் வாங்கிக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மூன்று மணி நேரம் வண்டி ஓட்டி வந்து, பையனுக்கு அளவில்லை என்றால் மறுபடியும் மூன்று மணி நேரம் ஓட்ட வேண்டியிருந்தவர்கள் அவர்கள். ஆனால் பள்ளி திறக்கிற ஜனவரி மாதம் முழுக்க நோலாவின் கடை வாசலில் மணி அடிக்கவேயில்லை.

அந்த மாதம்தான் அவள் என் காலைப் பார்த்தாள்.

தேநீர் ஊற்ற எழுந்தேன். காலில் நீல நிறச் செருப்பு, குதிகாலில் வார் வைத்தது.

"இந்தச் செருப்பு என் கடையில வந்ததில்லையே."

"தங்கச்சி வாங்கிக் குடுத்தா."

"உன் தங்கச்சி உனக்கு ஒரு பிறந்தநாள் வாழ்த்துகூட அனுப்ப மாட்டா. நீயே வாங்கினியா?"

நான் காலைக் கவுண்டருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டேன். அது போதுமாக இருந்தது அவளுக்கு. நான்தான் வாங்கினேன். அவள் பார்த்துவிடக் கூடாதென்று தங்கை வீட்டு முகவரிக்கு அனுப்பச் சொல்லி, கிறிஸ்துமஸுக்குப் போனபோது எடுத்து வந்தேன்.

"ஊரே பண்ணுதுன்னா பண்ணட்டும். நீயுமாடி?" என்றாள். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். அதன்பின் பத்தரைக்கு அவள் வரவில்லை. நானும் போகவில்லை. போயிருக்கலாம். தெருவின் அகலம் இருபது அடிதான். பத்து மாதம் அதை நாங்கள் தாண்டவில்லை.

செப்டம்பரில் ஒரு நாள் அவள் கடை பூட்டியிருந்தது. 'புதுச் சரக்கு எடுக்கப் போயிருக்கிறேன்' என்று கதவில் ஒரு சீட்டு. ஆறு வாரம். சரக்கு எடுக்க யார் ஆறு வாரம் போவார்கள்? ஊர் பேசிற்று. கடனாளி ஆகிவிட்டாள் என்றார்கள். டூவும்பா நகரத்தில் யாரையோ பிடித்துவிட்டாள் என்றார்கள். திரும்பி வந்தபோது சரக்கும் இல்லை, ஆளும் இல்லை. கன்னம் ஒட்டி, செத்துப்போன புருஷனின் கட்டம் போட்ட சட்டைக்குள் பாதியாக இருந்தாள். எப்போதும் மடிப்புக் கலையாமல் உடுத்துகிறவள், அந்தச் சட்டையைத் தவிர வேறொன்றும் போடவில்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும்தான்.

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை டெஸ் இறக்கிய குவியலில் ஒரு சின்னப் பை இருந்தது. சாம்பல் நிறம், கையில் எடுத்தால் கனமே இல்லை. பெயர் பார்த்தேன். நோலாவுடையது.

"தப்பா வந்துருச்சோ?" என்றான் டெஸ், என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து. "இந்தம்மா பார்சலைக் கண்டாலே துப்புவாங்களே."

"நீ போய் லாரியப் பாரு" என்றேன்.

அனுப்பியவர் முகவரியை நான் படித்திருக்கக் கூடாது. ஆனால் எழுத்து கண்ணெதிரே இருக்கிறது, என்ன செய்ய? மார்பக அறுவை சிகிச்சை ஆன பெண்களுக்கென்று உள்ளாடை செய்து விற்கிற இடம் அது. என் சித்தி அங்கிருந்து வாங்கியிருக்கிறாள். பையைக் கவுண்டருக்கு அடியில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஆறு வாரம், தனியாக. ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கிற டூவும்பா ஆஸ்பத்திரிக்கு அவளே வண்டி ஓட்டிப் போயிருக்கிறாள், அவளே ஓட்டி வந்திருக்கிறாள்.

ஊரெல்லாம் சாப்பிடப் போன நேரம் பார்த்து அவள் வந்தாள். பத்து மாதத்துக்குப் பிறகு என் வாசலில் அவள் நிழல்.

"எனக்கு ஏதோ வந்திருக்குன்னு போன்ல சேதி வந்துச்சு."

எடுத்துக் கொடுத்தேன். அவள் இடது கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு வலது கையால் வாங்கினாள்.

"பாத்தியா?"

"பேரை மட்டும்தான் பாத்தேன்."

"உனக்குப் பொய் சொல்ல வராதுடி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்த செவ்வாய் அதே பையைத் திருப்பி அனுப்பக் கொண்டுவந்தாள். அளவு சரியில்லை. இரண்டு வாரத்தில் இன்னொன்று வந்தது. அதுவும் திரும்பிப் போயிற்று. மூன்றாவது பையையும் திருப்பி அனுப்பக் கொண்டுவந்து கவுண்டரில் வைத்தாள். டிசம்பர் எங்கள் பக்கம் கோடை; வெயில் தகரக் கூரையை வறுத்துக்கொண்டிருந்தது. அந்தக் கட்டம் போட்ட சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"உனக்கு யாரு அளவு எடுத்தா?"

"நான்தான். வேற யாரு?"

"தன் அளவைத் தானே எடுத்தா சரியா வராது, குனிஞ்சதும் டேப்பு நழுவும்னு எல்லார்கிட்டயும் நீதானே கத்துவ."

"கத்துவேன்." அவள் சுவரைப் பார்த்தாள். "இடது கை இதுக்கு மேல எழும்ப மாட்டேங்குதுடி."

வாசலில் 'பதினைந்து நிமிடத்தில் வருகிறேன்' பலகையை மாட்டிவிட்டுக் கதவைப் பூட்டினேன். தேநீருக்குப் போகும்போதுகூடத் திறந்தே விட்டுப் போகிறவள் நான்; வேலை நேரத்தில் கதவைப் பூட்டியது அதுதான் முதல் தடவை. அவள் முன்னால் போக, நான் பின்னால் போக, தெருவைத் தாண்டினோம். பச்சைத் திரையை இழுத்து மூடினாள். ஆணியில் தொங்கிய டேப்பை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

சட்டைப் பொத்தான்களை அவளே கழற்றினாள். ரொம்ப நேரம் ஆயிற்று. இடது பக்கம் ஒன்றும் இல்லை. அக்குளிலிருந்து நடு மார்பு வரை சிவப்பாக ஒரு கோடு. நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி நடிக்க எனக்கு மனம் வரவில்லை. அவளும் கண்ணாடியில் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி, பேச்சே காணோம்?"

"அழகா தைச்சிருக்காங்க. நீ தைக்கற பட்டனவிட நல்லாவே நிக்கும்."

அவள் ஒரு நொடி திகைத்தாள். பிறகு சிரித்தாள், வயிறு குலுங்க. சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே ஆரம்பித்தது என்று சொல்லத் தெரியவில்லை. நான் டேப்பைச் சுற்றினேன்.

"அய்யோ, கை ஐஸ் மாதிரி இருக்குடி!"

"முப்பது வருஷம் நாங்க பட்டோம். நீயும் படு."

"மேல தூக்காத. நேரா. நேராப் பிடின்னா... முதுகுல கோணலா இருக்கு பாரு, கண்ணு எங்க இருக்கு உனக்கு?" அவள் பழைய நோலாவாகி என்னை அதட்ட, நான் அளந்து அளந்து ஒரு தாளில் எழுதினேன். எண்களை முணுமுணுப்பாகத்தான் சொன்னேன்.

சட்டையைப் போட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?" என்றேன்.

"இந்த ஊர்ல இருக்கற ஒவ்வொருத்தி உடம்பும் எனக்குத் தெரியும். யாருக்கு எது சின்னது, யாருக்கு எது தொங்குது, எல்லாம். எனக்கு இப்படி ஆனதும் மொத மொத என்ன தோணுச்சு தெரியுமா? ஒருத்தி கண்ணும் என் மேல படக் கூடாதுன்னு. ராத்திரி வீட்ல உக்காந்து அந்தக் கம்ப்யூட்டர்ல தேடினேன். யாரும் என்னன்னு கேக்கல. யாரும் பாக்கல. பட்டனைத் தட்டினேன், வந்துருச்சு. எவ்வளவு நிம்மதியா இருந்துச்சுங்கற! அப்பதான் நினைச்சேன், அவளுங்களும் இதுக்காகத்தான் வாங்கறாளுங்களோன்னு."

நான் டேப்பைச் சுருட்டி ஆணியில் மாட்டினேன்.

"சொல்லுடி. இதுக்காகத்தானா?"

"சில பேரு வெல குறைச்சல்னு வாங்கறாங்க. சில பேரு தூரம்னு" என்றேன். பிறகு சொல்லிவிட்டேன்: "சில பேரு உன் வாய்க்காக."

"என் வாயா?"

"என் கட்டை விரல் பக்கம் எலும்பு துருத்தியிருக்கே. பந்தயத்துக்கு முந்தின நாள், கடை நிறைய ஆள். 'உன் காலுக்குச் சாக்குதான் கட்டணும் கிளெண்டா'ன்னு சொன்ன. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அப்புறம் உன்கிட்ட செருப்பு வாங்கணும்னு தோணவே இல்ல."

"நானா சொன்னேன்?" அவளுக்கு ஞாபகமே இல்லை. அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது என்று நினைக்கிறேன். குனிந்து என் காலைப் பார்த்தாள். "மன்னிச்சிருடி" என்றாள். முப்பது வருடத்தில் அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டதில்லை.

"நானும் உன்னைப் பாக்க வந்திருக்கணும்" என்றேன். "ஆறு வாரம் பூட்டின கதவைப் பாத்துட்டு சும்மா இருந்தேன்."

அன்று என் பதினைந்து நிமிடம் ஒன்றே கால் மணி நேரம் ஆயிற்று. திரும்பி வந்தபோது வாசலில் நான்கு பேர் நின்றார்கள். யாருக்கும் காரணம் சொல்லவில்லை.

நான்காவது பார்சல் சரியாக இருந்தது. அவள் புருஷனின் சட்டையை மடித்து வைத்துவிட்டுத் தன் நீல உடையில் கடை திறந்தாள். ஆனால் கடை பிழைக்கவில்லை. பிழைக்கும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. மார்ச்சில் கடைசி நாள் அறிவித்தாள். அன்று ஊரே வந்தது. ராண்டா வேண்டாத படுக்கை விரிப்பு ஆறு வாங்கினாள். பெற்றோர் சங்கத்துத் தலைவி தொப்பி வாங்கிக்கொண்டு அழுதாள். "இப்ப அழுது என்ன பண்ண, அந்தத் தொப்பி உனக்கு நல்லாத்தான் இருக்கு, போ" என்றாள் நோலா. குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். கட்டடத்தைத் தண்ணீர்ப் பம்பு விற்கிறவர் ஒருவர் வாங்கினார்.

அந்த வருடம் என் பின்னறையில் நடக்கக்கூட இடம் இருக்கவில்லை. ஒரு ஆளை வைத்துக்கொள்ளலாம் என்று மேலிடம் அனுமதி கொடுத்ததும் நேராக அவள் வீட்டுக்குப் போனேன்.

"செவ்வாய், வியாழன் ரெண்டு நாள் வேலை. பார்சலை வகை பிரிச்சு அடுக்கணும். வர்றியா?"

"என்னைய? அந்தச் சனியனுங்களைத் தூக்கி அடுக்கவா?"

"அமுக்கிப் பாக்கக் கூடாது. அதான் ஒரே நிபந்தனை."

ஒரு வாரம் யோசித்தாள். கோபம் தீர்ந்து வந்தாளா, வீட்டில் தனியாக இருக்க முடியாமல் வந்தாளா என்று நான் கேட்கவில்லை. வந்தாள். முதல் நாளே டெஸ்ஸை நிற்க வைத்துத் திட்டினாள், பெட்டிகளைத் தூக்கி எறிகிறான் என்று. இரண்டாவது மாதம், தூரத்துப் பண்ணையிலிருந்து வந்த ஒரு சின்னப் பெண் ஒரு பையைத் திருப்பி அனுப்ப நின்றாள். பிள்ளை பெற்று ஆறு வாரம். முகமெல்லாம் சிவந்து, "எதுவுமே சேர மாட்டேங்குது" என்றாள் என்னிடம் ரகசியமாக. நோலா எழுந்து வந்து, அவள் காதருகே ஏதோ சொன்னாள். இரண்டு பேரும் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். உள்ளேயிருந்து எனக்கு ஒரு எண்கூடக் கேட்கவில்லை. மழையைப் பற்றிய பேச்சு மட்டும் கேட்டது.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை நோலா டூவும்பாவுக்குப் பரிசோதனைக்குப் போக வேண்டியிருந்தது. இப்போது நான்தான் வண்டி ஓட்டுகிறேன். போன தடவை டாக்டர், எல்லாம் சுத்தமாக இருக்கிறது, இனி வருடத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும் என்றார். திரும்பும் வழியில் பெட்ரோல் பங்கு ஓட்டலில் நிறுத்தி, பீட்ரூட் வைத்த பெரிய பர்கர் ஆளுக்கொன்று வாங்கினோம். அவள் முழுவதையும் சாப்பிட்டுவிட்டு, என்னுடையதில் மீதியிருந்த பாதியையும் கேட்காமலேயே எடுத்துக்கொண்டாள்.