பேசும், பேசாது

கைவிட்ட கட்டிடங்களுக்குள் புகுந்து, அங்கே கிடக்கிற வாத்தியங்களைப் படமெடுப்பது அக்காவின் பைத்தியம். பைத்தியம் என்று பெயர் வைத்தவன் தம்பி. அவன் சொல்லலாம், காமிரா முக்காலியையும் விளக்கையும் சுமந்துகொண்டு பின்னால் போகிறவன் அவன்தானே. வாரம் முழுக்க அவன் வீடுகளுக்கு டைல்ஸ் ஒட்டுவான். அக்கா தன் ஸ்டூடியோவில் உட்கார்ந்து, சிரிக்கக் கூடாது என்று சட்டமிருக்கிற முகங்களை பாஸ்போர்ட் அளவில் எடுப்பாள். ஞாயிற்றுக்கிழமையானால் இரண்டு பேரும் அவனுடைய பழைய வேனில் கிளம்பிவிடுவார்கள். அவளுக்குக் கல்யாணமாகவில்லை. அவனுக்கு ஆகி, அம்மா வீட்டுக்குப் போன மனைவி அங்கேயே தங்கிவிட்டாள். எங்கே போனீர்கள், ஏன் லேட்டு என்று கேட்க இருவருக்கும் ஆள் கிடையாது.

படமெடுப்பதில் அக்காவுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எதையும் நகர்த்தக் கூடாது, தூசியைக்கூடத் தட்டக் கூடாது. எல்லாம் எடுத்து முடித்த பிறகு தம்பி அந்த வாத்தியத்தை ஒரே ஒரு தடவை தொட வேண்டும். மேளமென்றால் ஒரு தட்டு, குழலென்றால் ஒரு ஊது, கட்டைகள் உள்ளதென்றால் ஒரு விரல். அந்த நொடியையும் வரிசையாக எடுத்துக்கொள்வாள். பிறகு படத்துக்குக் கீழே ஒற்றைச் சொல் எழுதுவாள்: பேசும், அல்லது பேசாது. அடுத்த மாதம் நகர நூலகத்தின் கூடத்தில் இந்தப் படங்களை மாட்டப்போகிறார்கள். "படத்தவிட அந்த ஒத்த வார்த்ததாங்க ஆள நிறுத்துது" என்று நூலகர் சொன்னதிலிருந்து அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் அவளுடைய காது போய்க்கொண்டிருந்தது. இதைச் சுற்றிவளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. அப்பாவின் காது அவளுக்கு வந்து சேர்ந்திருந்தது. மனிதர் வேறு சொத்து எதுவும் வைத்துவிட்டுப் போகவில்லை. காது டாக்டர் தம்பியையும் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் சொன்னார். கீச்சென்ற மெல்லிய சத்தங்கள் முதலில் போகும், தடித்த சத்தங்கள் கடைசியில். தொட்டியில் தண்ணீர் இறங்குவது மாதிரி மேலேயிருந்து கீழே வரும். எவ்வளவு சீக்கிரம் என்பதை மட்டும் அவரால் சொல்ல முடியவில்லை. கருவி வாங்கி மாட்டிப் பார்த்தாள். அது பேச்சைவிட மின்விசிறியைத்தான் பெரிதாகக் கேட்கவைத்தது. கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டாள். முகம் பார்த்துப் பேசினால் தம்பியின் கரகரத்த குரல் இன்னும் நன்றாகவே விழுந்தது.

அவளை வாட்டியது அப்பாவின் நினைப்பு. கடைசிக் காலத்தில் அவர் எதற்கும் "ஆமாமா" என்று சிரித்து வைப்பார். வீட்டில் இருந்தவர்கள் கத்திக் கத்தி அலுத்து, ஒரு கட்டத்தில் அவரிடம் எதையும் சொல்வதை விட்டுவிட்டார்கள். கேட்டால், பாவம், அவரை எதுக்குத் தொந்தரவு பண்ணணும் என்பார்கள். சொந்த மகளுக்கு வந்த வரன் தட்டிப்போன விஷயமே அவருக்கு அடுத்த மழைக்காலத்தில்தான் தெரிந்தது. அன்றைக்கு அவர் மகளைப் பார்த்த பார்வையை அவள் மறக்கவில்லை. காது போகட்டும், அந்த மாதிரி ஒரு மூலையில் தன்னை உட்காரவைத்துவிடக் கூடாது. அவள் வேண்டியது அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் போனது, மூடிக்கிடந்த ஒரு நூற்பாலையின் பின்னாலிருந்த தொழிலாளர் மன்றத்துக்கு. கூரையின் ஒரு மூலை இடிந்து, மேடைமேல் வெளிச்சம் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. மேடையில் ஒரு பியானோ. முன்பலகை கழன்று, உள்கம்பிகள் தெரிந்தன. இடப்பக்கத்துத் தடித்த கம்பிகளில் செம்பு சுற்றியிருக்கும் என்பதால் எவனோ அவற்றை மொத்தமாக உருவிக்கொண்டு போயிருந்தான். வலப்பக்கத்து மெல்லிய கம்பிகளை மட்டும், விலை போகாது என்று, துருப்பிடிக்க விட்டிருந்தான். மேலே உத்தரத்தில் வரிசையாகப் புறாக்கள். இவர்கள் முக்காலியைத் தரதரவென்று இழுத்ததையோ, வெகுநேரம் கீழே நடமாடியதையோ அவை சட்டை செய்யவில்லை.

கடைசியில் தம்பி வலது ஓரத்தில் ஒரு கட்டையை அமுக்கினான். அக்கா காமிராவுக்குப் பின்னால், கண்ணை அவன் விரலிலேயே வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் காதில் ஒன்றும் விழவில்லை.

"பேசுதா?" என்றாள் நிமிராமலே.

அவன் சுற்றிவந்து அவள் முகத்துக்கு நேரே நின்றான். "எங்க, செத்துப்போச்சுக்கா."

"நெஜமா?"

"பொய் சொல்றதுக்கு நான் என்ன பியானோவ விக்கவா வந்திருக்கேன்?"

அவள் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. ஊமையானது பியானோதான், தன் காது அல்ல. "இந்த வருஷம் அகப்படுறதெல்லாம் ஊமையாவே இருக்குடா" என்றாள்.

"தூக்கிப் போட்ட சாமான் பின்ன கச்சேரியா பண்ணும்?" என்று சொல்லிக்கொண்டே அவன் விளக்கை மடக்கினான்.

மறுநாள் கடையைச் சாத்திவிட்டு, ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தாள். வரிசையாக எடுத்தவை. முதல் படத்தில் தம்பியின் விரல் கட்டைக்கு மேலே நிற்கிறது. புறாக்கள் உத்தரத்தில் தூங்கிவழிகின்றன. அடுத்ததில் விரல் கட்டைமேல் படிந்திருக்கிறது. அதற்கடுத்ததில் உத்தரம் காலி. வெளிச்சத்தில் சிறகுகள், எங்கே பார்த்தாலும் சிறகுகள், இறக்கைத் தூசி, ஒன்றோடொன்று மோதிக்கொள்கிற புறாக்கள். தம்பி தலையைத் தூக்கி அவற்றைப் பார்க்கிறான்.

படமாகப் பார்த்தால் அருமையான படம். முதலில் அவளுக்கு அந்தச் சந்தோஷம்தான் வந்தது. பிறகு, எதற்காகப் பறந்தன என்று யோசித்தாள். நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டாள்.

மனசு கேட்காமல் பழைய படங்களைத் திறந்தாள். இழுத்து மூடிய தீயணைப்பு நிலையத்தின் பேண்டு அறை. தம்பியின் உதட்டில் சின்ன வெள்ளிக் குழல். வாசற்படியில் ஒரு நாய் சுருண்டு கிடக்கிறது. அடுத்த படத்தில் நாய் எழுந்து நிற்கிறது, காதுகள் விறைத்து, கண் குழலின் மேல். அந்தப் படத்துக்குக் கீழே 'பேசாது' என்று அவளே எழுதி, சட்டமும் போட்டாகிவிட்டது. நாய்க்குக் கேட்டிருக்கிறது, புறாவுக்குக் கேட்டிருக்கிறது. கூடப் பிறந்தவனுக்கும் கேட்டிருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, "போன வாரம் எடுத்தது சரியா விழல" என்று பொய் சொல்லி அவனை மறுபடி அங்கே கூட்டிக்கொண்டு போனாள். இந்தத் தடவை முக்காலியை விரிக்கவில்லை. தம்பியை மேடைக்குக் கீழே எதிரே நிறுத்திவிட்டு, தானே போய் அதே கட்டையை அமுக்கினாள். காதைத் தீட்டிக்கொள்ளவில்லை. அவன் முகத்தை மட்டும் பார்த்தாள். அவன் கண்ணிமைகள் சுருங்கின. ஒட்டின டைல்ஸைத் தட்டிப் பார்க்கையில், சத்தத்தை எடைபோட அவன் எப்போதும் செய்வது அதுதான். தலைக்கு மேலே புறாக்களின் நிழல்கள் சுவரில் கலைந்து ஓடின.

அவன் அவளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். "செத்துப்போச்சுக்கா."

அக்கா கீழே இறங்கி வந்து, காமிராவின் திரையில் போன வாரத்துப் புறாப் படத்தைக் காட்டினாள். அவன் பார்த்தான். பார்த்துக்கொண்டே மேடை விளிம்பில் உட்கார்ந்தான்.

"எப்போலேர்ந்துடா?"

"தீயணைப்பு ஸ்டேஷன்லேர்ந்து." அவன் உள்ளங்கையில் ஒட்டியிருந்த காய்ந்த சிமெண்டைச் சுரண்டினான். பிறகு, அவளுக்குக் கேட்க வேண்டுமே என்று முகத்தைத் தூக்கினான். "அந்தக் குழல ஊதினேன்க்கா. காதக் கிழிச்சுது. நீ என்னப் பாத்து, 'ம், ஊதுடா'ன்னே. ஊதியாச்சுன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

அவளுக்குக் கோபம் வந்தது. "லைப்ரரில மாட்டப்போறதுல பாதி பொய். நான் எழுதின பொய்."

"உனக்காகத்தானேக்கா."

"அப்பாவுக்காகன்னுதான் அவர்கிட்ட சொல்றதையும் விட்டோம். என்னையும் அந்த மூலையில கொண்டுபோய் உக்கார வெச்சுட்ட. நான் உக்காந்ததுகூட எனக்குத் தெரியல."

அவனுடைய பெரிய தோள்கள் குலுங்குவதைப் பார்த்ததும் அவளால் மேற்கொண்டு திட்ட முடியவில்லை. சிறு வயதிலும் அடி வாங்கினால் சத்தமில்லாமல்தான் அழுவான். இப்போது சத்தம் வருகிறதா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"எழுந்திரு" என்றாள். "கம்பி இருக்கிற கட்டை ஒண்ணுவிடாம அமுக்கு. என்ன கேக்குதோ அத அப்படியே சொல்லு."

அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு பியானோ முன்னால் போய் நின்றான். ஒரு கட்டையை அமுக்குவான், திரும்பி அவளைப் பார்த்துச் சொல்வான். சங்கீதத்துக்கான சொற்கள் அவனிடம் இல்லை. "இது நல்லா ஒட்டின டைல்ஸ் மாதிரி கணீர்னு இருக்கு." அடுத்தது. "இது அடியில சிமெண்ட் பத்தல, ஒரு மாதிரி காலியா கேக்குது." அடுத்தது. "இது ரெண்டா கேக்குதுக்கா, விரிசல் விட்ட மாதிரி." முதல் சில கட்டைகளுக்குப் புறாக்கள் பதறிப் பறந்தன, திரும்பி வந்தன. ஒவ்வொன்றையும் கேட்டு அக்கா தலையாட்டினாள். இப்படிச் சொல்லிக்கொண்டிருந்தால் போதும், இப்படியே காலத்தை ஓட்டிவிடலாம் என்றுகூட அவளுக்கு ஒரு கணம் தோன்றியது.

இடையில் ஒரு கட்டையை அமுக்கிவிட்டு அவன் திரும்பினான். "இது பேசலக்கா."

அவள் அண்ணாந்து உத்தரத்தைப் பார்த்தாள். புறாக்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தன. ஆனால் இதற்கு முந்தைய கட்டைக்கும், அதற்கு முந்தையதற்கும்கூட அவை அசையவில்லை. அவற்றுக்குப் பழகிவிட்டது. பியானோவின் மரத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "இன்னொரு தடவ" என்றாள். அமுக்கினான். கட்டை இடிக்கிற அதிர்வு கைக்கு வந்தது. கம்பி பேசினாலும் பேசாவிட்டாலும் அந்த அதிர்வு வரும்.

"நெஜமாவா?"

"நெஜமாக்கா."

போன ஞாயிற்றுக்கிழமையும் இதே முகத்தோடுதான் சொன்னான்.

"சரி" என்றாள் அக்கா. "அடுத்தத அமுக்கு."