பாசி பார்க்க வந்தவர்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு பெரிய மனிதர் பாசியைப் பார்க்கிறார் என்றால் யாருக்கோ ஏச்சு காத்திருக்கிறது என்று அர்த்தம். தோட்டத்தை நடத்தும் தொரை வருகிற செய்தி கிடைத்ததுமே தண்ணீர் ஓடும் கான், படிக்கட்டு, கோயில் சுவர் எல்லாவற்றிலும் பாசியைச் சுரண்டி வெள்ளை அடித்துவிடுவார்கள். பிறந்ததிலிருந்து பார்த்த வழக்கம்தான். கம்பஸில் தாவரவியல் படிக்கப் போன எனக்கு அது மறந்துபோயிருந்தது.

அக்கரப்பத்தனையில் நாங்கள் குடியிருக்கும் லயத்துக்கு மேலே, தேயிலை முடிகிற இடத்தில், ஒரு சுண்ணாம்புக்கல் குகை இருக்கிறது. அதன் வாசல் பாறையில் மட்டும் ஒரு செடி படர்ந்திருந்தது. பார்த்தால் பாசி, உண்மையில் பெரணிக்கு ஒன்றுவிட்ட சொந்தம். வெயிலில் சுருண்டு கிடக்கும், தூறல் விழுந்தால் விரியும். வேறு எத்தனையோ பாறைகளில் அட்டைக்கு இரத்தம் கொடுத்துத் தேடியிருக்கிறேன். எங்கும் இல்லை. எந்தப் புத்தகத்திலும் இல்லை.

"புதுசா இருக்கலாம்," என்றார் என் ஆய்வைப் பார்க்கும் சரிபுதீன் சேர். ஆனால் நான் கொண்டுபோன துண்டில் வித்தி தாங்கும் கதிர் இல்லை. கதிர் இல்லாமல் பெயர் வைக்க முடியாது. போன தடவை வந்தபோது கதிர் அரும்பியிருந்தது. முற்றட்டும் என்று கை வைக்காமல் விட்டேன். தானே வந்து பார்ப்பதாகச் சேர் சொன்னார். என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டதற்கு அம்மாவின் பெயரைச் சொன்னேன். நாகலெட்சுமி. அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை. நிச்சயமான பிறகு சொல்லலாம் என்று இருந்தேன்.

போனில் அம்மாவிடம் சொன்னது இவ்வளவுதான்: "சனிக்கிழம எங்க சேரு வாறாரு. குகையில இருக்க பாசியப் பாக்கணுமாம்."

சனிக்கிழமை நானும் சேரும் தலவாக்கலையிலிருந்து பஸ்ஸில் வந்து மலை ஏறினோம். குகை வாசலில் அம்மாவும் கூட வேலை செய்யும் பெண்களும் சொரண்டியோடு நின்றார்கள். பாறை வெள்ளையாக இருந்தது. சுண்ணாம்பு நன்றாகக் காய்ந்துவிட்டிருந்தது.

"மூலையில கூட விடல புள்ள," என்றாள் அம்மா. "சொரண்டி எல்லாத்தையும் எரிச்சிட்டு, தேங்காப் பொச்சு போட்டுத் தேச்சோம். ஒங்க சேரு ஒன்னய ஒரு வார்த்த சொல்லிறக் கூடாதுல்ல."

எனக்கு அழுகை வரவில்லை. திட்டவும் வாய் வரவில்லை. திட்டத் தெரியாதவள் இல்லை நான். லயத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மலையிலிருந்து விழும் பீலித் தண்ணீரில் நெடுநேரம் கை வைத்திருந்தால் மரத்துப்போகுமே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது.

சேர் பூதக்கண்ணாடியை எடுத்துப் பாறை இடுக்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்றும் மிச்சமில்லை. அம்மா பரீட்சை முடிவுக்கு நிற்பவள் போல அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நல்லா சுத்தமா இருக்கு," என்றார் சேர் கடைசியில். பிறகு, "நீங்கதானே நாகலெட்சுமி?" என்று கேட்டார்.

அம்மா தலையாட்டினாள். முகமெல்லாம் சிரிப்பு.

சேரை பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். அம்மா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள்.

"எம் பேரு அவருக்கு எப்புடித் தெரியும்?"

"நாந்தாம்மா சொன்னேன்."

"எதுக்கு?"

"சும்மாதான்."

தேத்தண்ணி சூடாகத்தான் இருந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை. அம்மா பக்கத்து வீட்டுக் காம்பராவுக்குப் போய்ச் சொல்வது சுவர் வழியாகக் கேட்டது.

"கம்பஸு சேரு எம் பேரச் சொல்லிக் கேட்டாருடி."