எண்ணாத மூன்று சுற்று

நானும் என் தம்பியும் பேச்சை நிறுத்திப் பதினொரு நாள் ஆகியிருந்த அன்றைக்குத்தான் பல் டாக்டரம்மாவின் கார் பட்டறைக்கு வந்தது. இரண்டே பேர் வேலை செய்கிற இடத்தில் இரண்டு பேரும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால் எப்படியிருக்கும், நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். காரணம் சின்னது இல்லை. கம்பெனி சர்வீஸ் சென்டரில் வேலைக்குச் சேர அவன் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்ததை டயர்க்கடைக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். "இனிமே நீ எனக்குத் தம்பியே இல்ல" என்று கத்தினேன். அவன் "சரி" என்றான். கெஞ்சியிருந்தால்கூட ஆறிப்போயிருக்கும். அந்த ஒரு 'சரி'தான் ஆறவேயில்லை.

"மேடு பள்ளத்துல ஏறினா முன்னாடி டொக்கு டொக்குன்னு இடிக்குதுங்க. ஸ்டீயரிங்கைத் திருப்பினா டொய்ங்னு இன்னொரு சத்தம்" என்றார் டாக்டரம்மா.

நான் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தேன். தம்பி சக்கரத்துக்கு மேலே கையை விட்டு ஸ்பிரிங்கைத் தொட்டுக்கொண்டான். இந்த மாதிரிச் சத்தம் காதுக்கு எங்கிருந்தோ வருவதுபோல் இருக்கும். கை வைத்தால்தான் இடம் தெரியும்.

"இடது பக்கம் திருப்பச் சொல்லுங்க" என்றான் டாக்டரம்மாவிடம்.

"திருப்பியாச்சுன்னு சொல்லுங்க" என்றேன் நானும் அவரிடமே.

"நல்லாயிருக்கே! மூணடி தூரத்துல நின்னுக்கிட்டு என்னைத் தூது விடுறீங்களா?" என்று அவர் சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை.

சக்கரத்தின் குலுக்கலை வாங்கிக்கொள்ளும் முன்பக்க ஸ்ட்ரட் இரண்டுமே போயிருந்தன. உடம்பெல்லாம் எண்ணெய் கசிந்து, தூசி அப்பிக் கிடந்தது. மேலே அதைத் தாங்கும் பேரிங்கும் இறுகிவிட்டதால் ஸ்பிரிங் திரும்ப வழியில்லாமல் முறுக்கிக்கொண்டு, பிறகு டொய்ங்கென்று விடுபட்டது. சாயங்காலம் வருகிறேன் என்று டாக்டரம்மா கிளம்பினார். தூதும் போய்விட்டது.

இந்த வேலையில் பயப்பட வேண்டியது ஸ்பிரிங் ஒன்றுக்குத்தான். ஸ்ட்ரட்டைச் சுற்றியிருக்கும் அதை இரண்டு கொக்கிக் கம்பிகளால் எதிரெதிரே பிடித்து, திருகித் திருகிச் சுருக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே அளவு சுருங்க வேண்டும். ஒரு பக்கம் கூடிப்போனால் ஸ்பிரிங் வளையும். வளைந்தால் கொக்கி வழுக்கும். வழுக்கினால் எதிரில் யார் முகம் இருக்கிறதோ அந்த முகம் போச்சு. அதனால் ஆளுக்கொரு கம்பி, ஆளுக்கொரு சுற்று, வாய்விட்டு எண்ணிக்கொண்டே திருகுவோம். நான் "ஒண்ணு" என்பேன், அவனும் திருகிவிட்டு "ஒண்ணு" என்பான். பதினாறு வருஷமாக அப்படித்தான்.

அன்றைக்கு யாரும் எண்ணவில்லை. எண்ணினால் பேசினதாகிவிடுமே!

இடது பக்கத்துப் பழைய ஸ்ட்ரட்டை எப்படியோ கழற்றிவிட்டோம். சுருக்கிய ஸ்பிரிங்குக்குள் புதியதை நிறுத்தினோம். மேல் நட்டை மாட்ட ஸ்ட்ரட் தண்டின் மரை இன்னும் வெளியே வரவில்லை, கொஞ்சம் கூடச் சுருக்க வேண்டும். நட்டு இல்லாத அந்த நேரத்தில் ஸ்பிரிங்கைப் பிடித்திருப்பது இரண்டு கொக்கிகள் மட்டும்தான். நான் கோபத்தில் வேகமாகத் திருகினேன். அவன் நிதானமாகத் திருகினான்.

ஸ்பிரிங் அவன் பக்கம் வயிறு தள்ள ஆரம்பித்தது. அவன் பக்கத்துக் கொக்கி ஸ்பிரிங் வளையத்தின் மேல் மெதுவாக நகர்ந்தது. நான் பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். வேணும்னா அவனே வாயைத் திறந்து கேட்கட்டும் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே இன்னும் மூன்று சுற்றுத் திருகினேன்.

அப்போது அவன் மரை தெரிகிறதா என்று பார்க்கக் குனிந்தான். கொக்கி டிக் என்றது.

"டேய், அசையாதே!"

அவனும் அதற்குள் கொக்கியை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துவிட்டான். முகம் ஸ்பிரிங்குக்கு நேர் மேலே, ஒரு ஜாண் தூரத்தில். நிமிர்ந்தால் கை நகரும், கை நகர்ந்தால் கொக்கி போய்விடும். அவன் நெற்றியிலிருந்து வியர்வை ஸ்பிரிங் மேல் சொட்டியது. அவன் மூக்கு, அவன் பல்வரிசை, இடது புருவத்து மச்சம் எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தன.

"அண்ணா..." என்றான்.

"பிடிச்சுக்கோ. என் பக்கத்தைத் தளர்த்துறேன். மூச்சு மட்டும் விடு."

ஸ்பானரை என் கம்பியின் நட்டில் மாட்டினேன். அரைச் சுற்று விட்டேன். ஸ்பிரிங் முனகியது. அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"ஒண்ணு" என்றேன்.

"ஒண்ணு" என்றான் உதடு மட்டும் அசைய.

அப்படியே இன்னொரு அரைச் சுற்று, இன்னொன்று. ஆறாவதில் வளைவு குறைந்தது. எட்டாவதில் கொக்கி வளையத்தில் பழையபடி உட்கார்ந்தது. அவன் கையை எடுத்து, இரண்டடி பின்னால் போய், தரையில் உட்கார்ந்துவிட்டான். உள்ளங்கையில் கொக்கியின் அச்சு ஆழமாகப் பதிந்திருந்தது.

"நீ மட்டும் பாக்கலைன்னா என் மூஞ்சி இருந்திருக்காதுண்ணா" என்றான். அழுகையும் சிரிப்புமாக வந்தது அவனுக்கு. "உன்கிட்ட கேக்காம அங்க கையெழுத்துப் போட்டது தப்புதான். நான் போகல. வரலைன்னு போன் பண்ணிச் சொல்லிடுறேன்."

பதினொரு நாளாக நான் கேட்கத் தவித்த வார்த்தை அது. வாயை மூடிக்கொண்டு "சரிடா" என்றால் போதும், எல்லாம் பழையபடி ஆகிவிடும். ஆனால் நாளைக்கும் இவன் எதிரில் நின்று திருகப்போவது இதே கைதானே? அந்தக் கையை நினைத்து எனக்கே பயமாக இருந்தது.

"அதுக்கு முன்னாடியே பாத்துட்டேன்டா" என்றேன்.

"எதுக்கு முன்னாடி?"

"கொக்கி நகர்றதை. பாத்தப்புறமும் திருகினேன். நீயா வாயைத் திறக்கட்டும்னு."

அவன் முகத்திலிருந்த சிரிப்பு உடனே போகவில்லை. நான் விளையாடுகிறேனோ என்று கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான்.

"எத்தனை சுத்து?"

"மூணு."

எழுந்தான். குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டு முகத்தைக் கழுவினான். இரண்டு கையாலும் முகத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு திரும்பினான்.

"கோபப்பட்டுச் சொல்லலண்ணா. நீ எதிர்ல நிக்கும்போது இனிமே என்னால குனிய முடியாது" என்றான்.

வலது பக்க ஸ்ட்ரட்டை நான் தனியாகத்தான் மாட்டினேன். இந்தப் பக்கம் ஒரு சுற்று, நடந்துபோய் அந்தப் பக்கம் ஒரு சுற்று. அவன் வாசலில், என் கை எட்டாத தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.