மரவட்டை

நூலகத்தின் கணினி அறைக்கு வெளியே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து, அவன் சட்டைப்பையை மூன்றாவது தடவையாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். பென் டிரைவ் இருந்தது. காதில் சிவப்பு நூல் கட்டிய, ஓரம் தேய்ந்த பென் டிரைவ். மனைவி இறந்த இந்த எட்டு மாதத்தில் அவளுடைய பொருள்களில் அவன் யாருக்கும் கொடுக்காதது இது ஒன்றுதான். புடவைகளை அவன் அக்கா எடுத்துப்போனாள். புத்தகங்கள் இதே நூலகத்துக்கு வந்தன. இதை மட்டும் கேட்டு நெட்டை மூன்று முறை போன் செய்துவிட்டான். இரண்டு முறை, தேடிப் பார்க்கிறேன் என்றான் அவன். மூன்றாம் முறை, வருகிறேன் என்றான். தருகிறேன் என்று சொல்லவில்லை.

நெட்டை அவளோடு கணினி அறையில் நான்கு வருடம் வேலை பார்த்தவன். அந்தப் பெயரை வைத்தவளும் அவள்தான். சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே "இன்னிக்கு நெட்டை என்ன பண்ணினான் தெரியுமா" என்று ஆரம்பிப்பாள். அவன் வரைபடத்தாளைப் பார்த்தபடி 'ம்' கொட்டுவான். அப்போதெல்லாம் வயிற்றுக்குள் சின்னதாக ஒன்று எரியும். காட்டிக்கொண்டதில்லை. ஆள் போன பிறகு அணையும் என்று நினைத்தான். அணையவில்லை.

"உள்ள வாங்க சார். இங்க ஏன் உக்காந்துட்டீங்க?" நெட்டை கதவில் தலை இடிக்காமல் குனிந்து நின்றான். "பாஸ் இருந்திருந்தா என்னைத் திட்டியிருப்பாங்க."

பாஸ். அவளை இவன் அப்படிக் கூப்பிட்டது அவனுக்குப் புதிது.

அறையில் நாற்பது கணினிகள். எதற்கும் உள்ளே டிஸ்க் கிடையாது. வாசகர்கள் காலையில் முன்மேஜையில் ஆளுக்கொரு பென் டிரைவ் வாங்கிச் செருகிக்கொள்ள வேண்டும்; கணினிக்கு உயிர் கொடுப்பது அதுதான். வாரம் ஒரு முறை எல்லாவற்றையும் அழித்து, ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் புதிதாக ஏற்றுவார்கள். முன்பு ஒன்றுக்கு ஒரு மணி நேரம் ஆகுமாம். மொழி என்ன, நேரம் என்ன, பயனர் யார் என்று அது வரிசையாகக் கேட்டுக்கொண்டே போகும். அவள் எழுதிய ஸ்கிரிப்ட் அத்தனை கேள்விக்கும் தானே பதில் சொல்லிக்கொண்டு ஏழு நிமிடத்தில் முடித்துவிடும்.

"பிரச்சினை என்னன்னா சார், புதுசா வந்த பென் டிரைவெல்லாம் பெரிய சைஸ். பெருசா இருந்தா ஹார்ட் டிஸ்க்னு நினைச்சு இந்த ஸ்கிரிப்ட் தொடமாட்டேங்குது. யாரோட டிஸ்க்கையும் தப்பா அழிச்சிடக் கூடாதுன்னு பாஸ் போட்ட பூட்டு. வேற மாதிரி எழுதறேன்னு வீட்டுக்கு எடுத்துட்டுப் போனாங்க."

"நீங்களே மாத்தலாமே."

"ஒருதடவ மாத்தினேன். நூலகர் அம்மாவோட கம்ப்யூட்டரே காலி. பாஸ்தான் போய் மன்னிப்பு கேட்டாங்க." சிரித்தான். "அதுக்கப்புறம் ஒரு மாசம் எனக்குப் பாதி டீதான். சர்க்கரை இல்லாம. அவங்க குடிக்கிற மாதிரியே."

வீட்டில் அவள் இரண்டு கரண்டி போட்டுக்கொள்வாள்.

நெட்டை ஒரு பழைய பென் டிரைவைச் செருகி, "எப்படி ஓடுதுன்னு காட்டறேன்" என்றான். கறுப்புத் திரையில் எழுத்துகள் விறுவிறுவென்று மேலேறி, சட்டென்று நின்றன. 'இதிலுள்ள எல்லாம் அழியும். சம்மதமானால் சொல்லைத் தட்டவும்.' எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதிவைத்தவள் இதை மட்டும் மனிதருக்கு விட்டிருந்தாள். நெட்டையின் விரல்கள் பார்க்காமலே ஓடின.

மரவட்டை.

அவன் திரைக்கு அருகே குனிந்து அதை மறுபடி படித்தான்.

"ஆமான்னு கேட்டா கை பழக்கத்துல தட்டிடும்ல? அதான் இந்தச் சொல்லு. தொட்டா சுருண்டு ஒண்ணுமில்லாம ஆயிடும், டிஸ்க்கும் அப்படித்தான்னு நானே அர்த்தம் பண்ணிக்கிட்டேன். இங்க எல்லாருக்கும் இப்ப இதான் பாஷை. மரவட்டை போட்டியா, மரவட்டை ஆச்சான்னு."

அர்த்தம் அதுவல்ல. கல்யாணமான புதிதில், தூக்கத்தில் தோளைத் தொட்டால் அவன் சுருண்டுகொள்வான். கோபம் வந்தாலும் அப்படித்தான். பேச்சில்லை, ஒரே சுருட்டல். "மரவட்டை, மரவட்டை, விரி பாக்கலாம்" என்று ஒற்றை விரலால் முதுகில் தட்டுவாள். விளக்கணைத்த அறையில் மட்டும் புழங்கிய பெயர். அதை இங்கே வாரம் நாற்பது முறை, இந்த நெட்டை விரல்கள், இரண்டு வருடமாக.

பென் டிரைவைக் கொடுக்காமலே எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது. ஆனால் புதிய ஸ்கிரிப்டை அவள் சோபாவில், அவன் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினாள். அதிலும் அந்தப் பெயரைத் தூக்கிக் கொடுத்திருக்கிறாளா? பார்த்தே ஆகவேண்டும் போலிருந்தது. சிவப்பு நூலைப் பிடித்து வெளியே எடுத்தான்.

நெட்டை அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். திறந்து படிக்கத் தொடங்கியதும் நெட்டையின் முகம் மாறியது. வரிகளுக்கு நடுவே அவள் குறிப்புகள் எழுதியிருந்தாள். 'நெட்டை, இந்த வரியைத் தொட்டால் கையை உடைப்பேன்.' நெட்டை சிரித்தான், கண்ணைத் துடைத்தான், மறுபடி சிரித்தான். அவன் வேறு பக்கம் பார்த்தான். சோபாவில் தன் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்திருந்த நாள்களிலும் அவள் பேசிக்கொண்டிருந்தது இவனோடுதான்.

பெரிய பென் டிரைவைச் செருகினார்கள். பூட்டு திறந்தது. திரை நின்று சொல்லைக் கேட்டது. நெட்டை தட்டினான்.

'தவறான சொல். எதுவும் அழிக்கப்படவில்லை.'

"எழுத்து விட்டுட்டேனோ?" மறுபடி தட்டினான். அதே பதில். ஸ்கிரிப்டுக்குள் தேடினான். "அட, சொல்ல மாத்திட்டாங்க சார். வெறும் 'ஆம்'னு போட்டிருக்காங்க." கொஞ்சம் பொறுத்து, "பதினேழாம் தேதி மாத்தியிருக்காங்க. எதை மாத்தினாலும் ஏன்னு எழுதுவாங்க. இதுக்கு எழுதல."

பதினேழாம் தேதி. அதற்கு முந்தின நாள்தான், "அந்த நெட்டையையே கட்டிக்கிட்டிருக்கலாம்" என்று அவன் சொன்னது. சொல்லிவிட்டுச் சுருண்டுகொண்டது. பதினேழாம் தேதி முழுக்க அவள் தட்டிப் பார்த்தாள், அவன் விரியவில்லை. சாயங்காலம் சோபாவில் விசைப்பலகைச் சத்தம் மட்டும் கேட்டது. பதினெட்டாம் தேதி காலையில் அவனே பேசினான். அதற்குள் அவளுக்குக் காய்ச்சல் வந்திருந்தது. பதினோரு நாள் காய்ச்சல்.

அந்தப் பெயரை இவர்களிடமிருந்து பிடுங்கி அவனுக்கே திருப்பிக் கொடுத்தாளா? இல்லை, இனி எனக்கும் வேண்டாம் என்று எடுத்துப் போட்டாளா? அவன் திரையைப் பார்த்தான். அங்கே 'ஆம்' மட்டும் இருந்தது.

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றான் நெட்டை, மனசில்லாமல். "பழையதையே திரும்பப் போட்டுடறேன் சார். ஒரு வார்த்தைதான், இதுல ஒண்ணும் கெட்டுப் போகாது."

"வேண்டாம்."

சத்தம் கொஞ்சம் பெரிதாகிவிட்டது. நெட்டை நிமிர்ந்து பார்த்தான். "ஏன் சார், அந்த வார்த்தைல எதாவது...?"

சொல்லிவிடலாம். ஆனால் இவனிடம் இல்லாமல் தன்னிடம் மட்டும் இருந்தது உலகத்தில் அந்த அர்த்தம் ஒன்றுதான்.

"அவ எழுதினபடியே இருக்கட்டும்."

நெட்டை தலையாட்டிவிட்டு, 'ஆம்' என்று தட்டினான். பென் டிரைவின் முனையில் நீல விளக்கு சிமிட்டத் தொடங்கியது. எழுத்துகள் மேலேறின, கேட்பதும் அதுவே, சொல்வதும் அதுவே. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கதவு பாதி திறந்தது. முன்மேஜை அம்மா தலையை நீட்டினாள். அவன் உட்கார்ந்திருந்ததைக் கவனிக்கவில்லை.

"மரவட்டை! ஆச்சா இல்லையா? வாசல்ல ஆறு பேர் நிக்கிறாங்க."

"ம்" என்றது ஒரு குரல்.

நெட்டை அவனைத் திரும்பிப் பார்த்தான், அந்த அம்மாவும் பார்த்தாள். அவன் ஏற்கெனவே கதவுப் பக்கம் திரும்பியிருந்தான், முதுகை யாரோ தட்டியதுபோல நிமிர்ந்து. அவனுக்குப் பின்னால் விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது.