மூன்று தடவை அனுப்பிய தாள்

வலது தோள்பட்டை அன்றைக்கு விடியற்காலையிலிருந்தே குத்தியது. தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, பதினான்கு வயதில் உர மூட்டை தூக்கத் தொடங்கினேன். ஆறு வருடம் தூக்கினேன். பிறகு படித்து, கண்டி டவுனில் கம்பியூட்டர் கடையொன்றில் சேர்ந்து, காலுக்குச் சப்பாத்தும் போட்டுவிட்டேன். மூட்டை மட்டும் தோளை விட்டு இறங்கவில்லை. மழை வரப்போகிற நாளில் வலிக்கும். பையை மாட்டிக்கொண்டு படி ஏறினால் வலிக்கும். அன்றைக்கு இரண்டும் சேர்ந்திருந்தது.

போக வேண்டிய வீடு பேராதனை வீதிக்கு மேலே, சரிவில். எழுபத்திரண்டு படி. ஜனவரியில் அந்த வீட்டுக்கு வயர்லெஸ் போட்டுக் கொடுத்தவனே நான்தான் என்பதால் எண்ணிக்கை மறக்கவில்லை.

புறப்படும்போது கடை முதலாளி மர்சூக் நானா சொன்னார்.

"மங்களேஸ்வரி அம்மாட ஊட்டுல பிரிண்டர் அடிக்குதில்லையாம். போய்ப் பாத்துட்டு ஓடி வந்துடு. டீ தந்தா குடி. கதை தந்தா வாங்காத."

"என்ன கதை நானா?"

"தெரியாதவன் மாதிரிக் கேக்காதடா. பொடியனத் தூக்கின ஊடு அது. நீ லயத்துக்குப் போன அண்டைக்கு அவன்ட உம்மாக்காரி கடைக்கும் வந்து அழுதுட்டுப் போன."

எனக்குத் தெரியும். கண்டியில் எல்லாத் தமிழருக்கும் தெரியும். அந்த வீட்டின் மேல் அறையில் வாடகைக்கு இருந்த யோகேந்திரன், சாவகச்சேரிப் பிள்ளை, பேராதனையில் மேற்படிப்புப் படித்தவன். மார்ச் ஆறாம் திகதி, சிவராத்திரி அன்று, காணாமல் போனான். வெள்ளை வேன் வந்து நின்றதாகத் தெருவில் பேச்சு. ஆனால் பொலிஸ் புத்தகத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தது. நாலாம் திகதியே அறையை விட்டுத் தானாகப் போய்விட்டான் என்று. வீட்டுக்கார அம்மா கொடுத்த வாக்குமூலம். தானாகப் போனவனைத் தேட முடியாது, வன்னிக்குத்தான் போயிருப்பான் என்று சொல்லி, தாயின் முறைப்பாட்டை எடுக்க மறுத்துவிட்டார்கள். யுத்தத்தால் யாழ்ப்பாணப் பாதை பூட்டிக் கிடந்ததால் தாய் லீலாதேவி கப்பலில் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து பஸ் பிடித்துக் கண்டிக்கு வந்து சேர்ந்திருந்தார். ஆறாம் திகதி என் மகன் அந்த வீட்டில் இருந்தான் என்று சொல்ல ஒரு ஆள், ஒரு துண்டுக் காகிதம் கிடைக்காதா என்று மூன்று கிழமையாக அலைந்துகொண்டிருந்தார்.

மங்களேஸ்வரி அம்மா கதவைப் பாதி திறந்து, பார்த்து, பிறகு முழுக்கத் திறந்தார். கச்சேரியில் அரசாங்க வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். புருஷன் இல்லை, மகள் கனடாவில்.

"நீரோ. வாரும் தம்பி. மேல் அறைக்குப் புதுசா, பாங்கில வேலை செய்யிற ஒரு பிள்ளை வந்திருக்கு. அந்தப் பிள்ளை அனுப்பினால் ஒண்டும் வருகுதில்லை. உம்மட காத்து வயர் அறுந்துபோச்சோ?"

"காத்துல வயர் இல்லைங்கம்மா. அறுந்தா நான் எப்படி முடிச்சுப் போடறது?"

சிரித்தார். சிரிப்பு வாயோடு நின்றுவிட்டது.

அந்த வீட்டில் நான் செய்திருந்த வேலை இதுதான். ஹோலில் அம்மாவின் பழைய கம்பியூட்டர். பிரிண்டர் அதோடு வயரில் கட்டியிருக்கும். மற்ற அறைகளில் இருப்பவர்கள் தங்கள் கம்பியூட்டரிலிருந்து காற்று வழியாக இதற்கு அனுப்பினால், இது வாங்கி, வரிசையில் வைத்து, ஒவ்வொன்றாகப் பிரிண்டருக்குக் கொடுக்கும். பிரிண்டர் எல்லாருக்கும் பொது. தாள் பொது இல்லை. தாள் கட்டை அம்மா அலுமாரியில் வைத்துப் பூட்டி, திறப்பை இடுப்பில் செருகியிருப்பார். வேண்டியவர் கேட்டு வாங்க வேண்டும்.

இன்னொன்றும் செய்திருந்தேன். ஒவ்வொரு கம்பியூட்டருக்கும் பாவிப்பவரின் பெயர் வைக்க வேண்டும். வேறு ஊரில் என்றால் 'யோகி' என்றோ 'மேல் ரூம்' என்றோ வைத்திருப்பார்கள். நாங்கள் அப்படிப் பழகவில்லை. செக் பொயின்ட்டில் நிற்கிறவர்களுக்கு எதுவும் அடையாள அட்டையில் உள்ளபடி வரவேண்டும். யோகேந்திரன் அட்டையை எடுத்து நீட்டினான், நான் பார்த்து எழுத்துக்கு எழுத்து அடித்தேன்: இராமநாதன் யோகேந்திரன். "அண்ணே, கம்பியூட்டரையும் பொலிசில பதியவேணுமோ?" என்று அவன் பகிடி விட்டதும் நினைவிருக்கிறது.

கம்பியூட்டரைப் போட்டு நெட்வேர்க்கைத் திறந்தேன். மூன்று படம். அம்மாவுடையது, பாங்குப் பிள்ளையுடையது, மூன்றாவது யோகேந்திரனுடையது. இல்லாத கம்பியூட்டரின் படம் அப்படித் தங்கிவிடுவது உண்டு. அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அதைத் தட்டினேன். திரையில் ஒரு டோர்ச் லைட் வந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடித்துத் தேடியது. வெகுநேரம் தேடியது. எங்கள் லயத்தை ராணுவம் சுற்றிவளைத்து ரவுண்ட் அப் செய்தபோது கட்டிலுக்கடியில் அடித்தது மாதிரியே. மூடிவிட்டேன்.

பிறகு பிரிண்டரின் வரிசையைத் திறந்தேன்.

பாங்குப் பிள்ளை அனுப்பியவை கீழே கிடந்தன. அவற்றுக்கு மேலே, வழியை மறித்துக்கொண்டு, மூன்று. மூன்றுக்கும் உரியவர் இராமநாதன் யோகேந்திரன். அனுப்பிய நேரம் மார்ச் ஆறு, பின்னேரம் நாலு நாற்பத்தொன்று. நாலு நாற்பத்து மூன்று. நாலு ஐம்பது. தாள் வராவிட்டால் எல்லாரும் செய்வதுதான். இன்னொரு தடவை அழுத்துவார்கள்.

அம்மாவைக் கூப்பிட நான் வாயைத் திறக்கவில்லை. அவர் அதற்குள் அலுமாரியைத் திறந்து, நான் பரீட்சித்துப் பார்க்கத்தானே கேட்பேன் என்று, நாலைந்து தாளை எடுத்துவந்து பிரிண்டரில் சொருகிவிட்டார்.

பிரிண்டர் உறுமியது. ஒரு தாளை இழுத்தது. மெதுவாகத் துப்பியது.

அது ஒரு பட்டியல். வீட்டில் தங்கியிருப்போர் விபரம், தமிழர் வீடென்றால் பொலிசில் கொடுத்துப் பதிய வேண்டியது. ஆங்கிலத்தில் அடித்திருந்தான். முதல் பெயர் மங்களேஸ்வரி. இரண்டாவது இராமநாதன் யோகேந்திரன், அடையாள அட்டை இலக்கம், ஊர், வந்த திகதி. கீழே 06.03.2008. கையெழுத்துக்கு ஒரு கோடு.

அடுத்ததையும் இழுக்கப் போனது. நான் மிச்சத் தாளைப் பிடுங்கி எடுத்தேன். பிரிண்டரில் செம்மஞ்சள் வெளிச்சம் மினுங்கத் தொடங்கியது. தாள் கேட்கிறது.

அம்மா கதிரையில் உட்கார்ந்துவிட்டார். தாளை வாசித்தார். மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் அவனைப் பதியேல்லைத் தம்பி. ரெண்டு மாசம். நாளைக்கு, நாளைக்கு எண்டு விட்டுட்டன். அவன்தான் பயந்துபோய், அன்ரி நானே அடிச்சுத் தாறன், நீங்கள் கையெழுத்தை மட்டும் வையுங்கோ எண்டவன்."

"அன்னைக்கு ஏங்கம்மா அடிக்கல?"

"பேப்பர் கேட்டவன். நான் கோயிலுக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நிண்டனான். சிவராத்திரி, பொலிசில ஒருத்தரும் எடுக்க மாட்டினம், நாளைக்கு அடிப்பம் எண்டு சொல்லிப்போட்டுத் திறப்போட போயிட்டன்." இடுப்பைத் தொட்டுக் காட்டினார். "வரேக்க கதவு திறந்து கிடந்தது. அவனும் இல்லை, அவன்ர கம்பியூட்டரும் இல்லை."

"அப்ப நாலாந்திகதின்னு ஏன்..."

"பதியாத பெடியனை ஒளிச்சு வச்சிருந்தவள் எண்டு என்னைக் கொண்டுபோனால் ஆர் வருவினம்? எண்பத்திமூண்டுக் கலவரத்தில மாத்தளையில வீட்டோட எரிச்சவங்கள். நான் பின்வேலியால பாஞ்சு தப்பினனான். இப்ப பாயிற வயசோ?"

அப்போதுதான் கேற் சத்தம் கேட்டது. அம்மா தாளை நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்தார். மிச்சத்தை என் கையிலிருந்து வாங்கி அலுமாரியில் போட்டுப் பூட்டினார். வரிசை திரையில் அப்படியே கிடந்தது. நான் முன்னால் நகர்ந்து அதை மறைத்துக்கொண்டு நின்றேன்.

லீலாதேவி அம்மாவை நான் அதற்கு முன் கண்டதில்லை. ஆனால் சொல்லாமலே தெரிந்தது. பாட்டா செருப்பு தேய்ந்து குதிக்கால் நிலத்தில் பட்டது. எழுபத்திரண்டு படியும் ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. எங்கள் மலையில் கொழுந்துக் கூடையோடு ஏறுகிற பெண்கள் அப்படித்தான் மூச்சு வாங்குவார்கள், பேச முதல் ஒரு நிமிடம்.

"அக்கா, ஒரு சொல்லு சொல்லுங்கோ. ஆறாந்திகதி இருந்தவன் எண்டு. நான் உங்களில பிழை சொல்லேல்லை."

"சொன்னதைத்தானே சொல்லலாம் லீலாதேவி. நாலாந்திகதியே போயிட்டான்."

"போனவன் எனக்கு ஒரு போன் கோல் எடுக்காமலோ?" என்னைப் பார்த்தார். "தம்பி ஆர்?"

"கம்பியூட்டர் கடைங்கம்மா. ரிப்பேருக்கு வந்தேன்."

"என்ர மகனைத் தெரியுமோ?"

"வயர்லெஸ் போட்டப்ப ஒரு தடவ பாத்தேன்."

"நல்லாக் கதைச்சிருப்பானே."

"ஆமாங்கம்மா. பகிடியாப் பேசுச்சு."

அவர் முகம் ஒரு கணம் மலர்ந்தது. அதைப் பார்க்காமலே இருந்திருக்கலாம். பிறகு என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"இதுக்குள்ள அவன்ர ஏதும் இருக்குமோ தம்பி? எழுதினது, அனுப்பினது, ஒரு திகதி? ஒரு திகதி கிடைச்சால் போதும். முறைப்பாட்டை எடுப்பினம் எண்டு லோயர் சொன்னவர்."

என் முதுகுக்குப் பின்னால் இரண்டு திகதி இருந்தது, நிமிடத்தோடு. மங்களேஸ்வரி அம்மா என்னையே பார்த்தார். என் அடையாள அட்டையில் தெல்தோட்டை லயத்தின் விலாசம். அதற்கு முந்தின வருடம் அந்த விலாசத்துக்காகவே பொலிசில் இரண்டு நாள் உள்ளே வைத்திருந்து, முதுகில் இரண்டு அடி தந்து விட்டார்கள். இந்தத் தாளைக் கொடுத்தால் அடுத்த கேள்வி, யார் எடுத்துக் கொடுத்தது என்பது. அதையெல்லாம் நான் அந்த நேரத்தில் யோசித்தேன் என்று சொன்னால் பொய். வாய் முந்திக்கொண்டது.

"ஒண்ணும் இல்லைங்கம்மா."

"அது ஏன் மினுங்குது?"

"பேப்பர் இல்ல. அதான்."

அவர் அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். "ஒரு பேப்பர் தாங்கோ அக்கா" என்றார். மங்களேஸ்வரி அம்மா அலுமாரியைத் திறந்து ஒரே ஒரு தாளை எடுத்தார். கொடுத்தார். லீலாதேவி அம்மா மேசையில் குனிந்து, வெள்ளைத் தாளில் தன் பெயர், சாவகச்சேரி விலாசம், ஒரு போன் நம்பர் எழுதி என்னிடம் நீட்டினார்.

"ஏதும் ஞாபகம் வந்தால், தம்பி."

படி இறங்குகிற செருப்புச் சத்தம் கேற் வரைக்கும் கேட்டது.

பிறகு நடந்தது வேலை. மங்களேஸ்வரி அம்மா குசினிக்குப் போனார். காகிதம் எரிகிற மணம் வந்தது. நான் வரிசையில் இருந்த இரண்டையும் அழித்தேன். ஒன்று போனது. மற்றது, நாலு ஐம்பதுக்கு அனுப்பியது, போகவில்லை. அழிக்கிறேன், அழிக்கிறேன் என்று திரையில் எழுதிக்கொண்டு அழியாமல் நின்றது. அப்படி அடம்பிடிப்பது புதிதில்லை. உள்ளே போய், அது தங்கியிருக்கிற ஃபோல்டரைத் திறந்து, கையால் அழிக்க வேண்டும். திறந்தேன். சின்ன ஃபைல். என் கழிசான் பொக்கற்றில் பென் டிரைவ் இருந்தது. அதில் போட்டிருந்தால் அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. அம்மா குசினியில் நின்றார், என்னை யாரும் பார்க்கவில்லை. அழித்தேன்.

தாளைச் சொருகியதும் பாங்குப் பிள்ளையின் கடிதங்கள் ஒவ்வொன்றாக, அழகாக வந்து விழுந்தன.

"சரி வந்திட்டுதே?" என்று அம்மா கேட்டார்.

"வந்துருச்சுங்கம்மா."

டீ தந்தார். குடித்தேன். கடையில் மர்சூக் நானா என்ன பிழை என்று கேட்டார். பேப்பர் இல்லை என்றேன். "இதுக்கா நீ மல ஏறின?" என்று சிரித்தார்.

யுத்தம் அடுத்த வருடம் முடிந்தது. மங்களேஸ்வரி அம்மா வீட்டை விற்று மகளிடம் போய்விட்டார். யோகேந்திரன் வரவில்லை. இப்போது எனக்குச் சொந்தமாகப் புசல்லாவையில் சின்னக் கடை. எந்த வீட்டில் எந்தப் பிரிண்டர் நின்றாலும் வரிசையைத் திறக்கிறேன். யாருடைய பெயர் மேலே கிடக்கிறது என்றுதான் முதலில் பார்க்கிறேன். செம்மஞ்சள் வெளிச்சம் மினுங்குகிற வீட்டில் எனக்கு டீ இறங்காது.

அந்த நம்பருக்கு ஒரு தடவை எடுத்தேன். மணி போனது. "ஹலோ, ஆர்?" என்று அவர் குரல் கேட்டது. வைத்துவிட்டேன். சும்மா வாயால் சொல்லி என்ன? என் கையில் திகதி இல்லை.

அவர் எழுதித் தந்த தாள் பர்ஸில் இருக்கிறது, மடிப்பில் கிழிந்து. அவருக்கு நான் தர வேண்டியதும் ஒரு தாள்தான்: 2008 மார்ச் ஆறாம் திகதி பின்னேரம் நாலு ஐம்பதுக்கு அவர் மகன் அந்த வீட்டில் இருந்தான் என்று எழுதி, கீழே அழகமுத்து என்று நான் கையெழுத்து வைத்த தாள். இன்னும் கொடுக்கவில்லை.