பின்பெட்டியில் அத்தை

அப்பாவின் கழுத்துவரை போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தபோதுதான் மகளுக்கு அத்தையின் போன் வந்தது.

"அம்மாடி, பெட்டி பிரிஞ்சு வேற பக்கம் போகுதே."

ஓட்டுநர் இல்லாத அந்தச் சிறு பேருந்துகளுக்குத் தடம் வகுத்தவளே இந்த மகள்தான். ரயில் நிலையத்திலிருந்து இரண்டு பெட்டிகள் கைகோத்தாற்போல் கிளம்பும், நாற்சந்தியில் பிரியும். முன்பெட்டி வீடுகள் பக்கம் வரும், பின்பெட்டி ஆஸ்பத்திரிக்குப் போகும்.

"முன்னாடி உக்காரச் சொன்னேனே அத்தை."

"முன்னாடிதான் ஏறினேன். நிக்கக்கூட இடமில்ல. பின்னாடி காலியாக் கிடந்துச்சு, நடந்து போய் உக்காந்துட்டேன். நீதானே நடுவுல வழி வச்சே?"

அப்பாவுக்கு இருந்த ஒரே அக்கா. முகம் பார்க்காமல் எடுத்துவிட்டால் அந்த மனுஷி தாங்கமாட்டாள். ஆனால் வாசலில் அமரர் ஊர்தி காத்திருந்தது. அத்தை ஆஸ்பத்திரி போய்த் திரும்புவதற்குள் மயானத்தில் கொடுத்த நேரம் கடந்துவிடும்.

"கன்ட்ரோல் ரூமுக்குச் சொல்லு. உன் பேச்சுக்குத் திரும்பாதா ஒரு டப்பா?" என்றான் தம்பி.

கூப்பிட்டாள். அங்கே பணியிலிருந்தவர் தயங்கவேயில்லை. "சொல்லுங்க மேடம், திருப்பிடறேன். உள்ள நாலே பேர்தான்."

"மத்தவங்க எங்க போறாங்க?"

"டயாலிசிஸுக்கு."

ஆள் ஏறிய பெட்டியை யாருக்காகவும் திருப்பக்கூடாதென்று விதி வைத்தவளும் அவள்தான். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"வேணாம். போகட்டும்."

தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான். நாலு வார்த்தை திட்டியிருந்தாலும் தேவலை.

அவள் வாசலுக்குப் போனாள். "அண்ணே, ஆஸ்பத்திரி ஸ்டாப் வழியாப் போகலாமா? அங்க கொஞ்சம் நிறுத்தணும்."

ஊர்தி ஓட்டுநர் தலையைச் சொறிந்தார். "பஸ் ஸ்டாப்புல நிறுத்தச் சொல்லி யாரும் கேட்டதில்லையேம்மா." பிறகு என்ன நினைத்தாரோ, "சுத்துதான், போயிடலாம். வெரசா எடுங்க" என்றார்.

நிறுத்தத்தில் அத்தை கைப்பையை மார்போடு அணைத்தபடி நின்றிருந்தாள். தம்பிதான் இறங்கி, கைத்தாங்கலாக அவளை ஏற்றிவிட்டான். அத்தை குனிந்து, இறந்தவரின் கலைந்த முடியை ஒதுக்கிவிட்டாள்.

"எதுக்குடா இவ்ளோ அவசரம் உனக்கு?"

வரிசையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் தலை குனிந்தார்கள்.

அடுத்த பெட்டி வந்து ஊர்திக்குப் பின்னால் நின்றது, கதவைத் திறந்தது. யாரும் ஏறவில்லை. சற்று நேரம் திறந்தே இருந்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, காலியாகவே மெல்ல விலகிப் போனது.